ஸ்டாப்டு ட்ரிங்கிங்கா, ஸ்டாப்டு டு ட்ரிங்க்கா?

டீ குடிப்பதை விட்டதைச் சொல்ல 'ஐ ஸ்டாப்டு டு ட்ரிங்க் டீ' என்று எழுதினேன், வாத்தியார் ஏன் சுழித்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். டீ குடிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன் என்று சொல்ல 'ஐ ஸ்டாப்டு ட்ரிங்கிங் டீ' தான் சரி. நீங்கள் எழுதிய 'ஐ ஸ்டாப்டு டு ட்ரிங்க் டீ'யில் இலக்கணப் பிழை இல்லை, பொருள்தான் தலைகீழ். மாட்டுத்தாவணி போகிற வழியில் வண்டியை ஓரங்கட்டி டீ குடித்தீர்கள் என்று ஆகிவிடும். வாத்தியார் சுழித்தது அதனால்தான்.

'டு ட்ரிங்க்' என்றால் 'குடிப்பது' என்று மனப்பாடம் செய்ததுதான் காரணமாக இருக்கும். எழுதுமுன் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'குடிப்பதை நிறுத்தினேன்' என்று வந்தால் ஐஎன்ஜி, 'குடிக்க நின்றேன்' என்று வந்தால் டு. ரிமெம்பரும் இப்படி ஆளை ஏமாற்றும்: 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்' என்றால் பூட்டியது ஞாபகம் இருக்கிறது, 'ரிமெம்பர் டு லாக் த டோர்' என்றால் மறக்காமல் பூட்டு.

இந்தச் சோதனை எல்லா வினைக்கும் செல்லாது. தமிழில் 'படிக்கப் பிடிக்கும்' என்றாலும் என்ஜாய்க்குப் பின்னால் ரீடிங்தான். அவாய்ட், ஃபினிஷும் அப்படியே. வான்ட், டிசைட், ஹோப் மூன்றுக்கும் டு.

'லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ'வில் உள்ள டு வேறு ரகம், அது முன்னிடைச்சொல் (பிரிபொசிஷன்), அதனால் பின்னால் ஐஎன்ஜிதான். வேலை விண்ணப்பத்தில் பலர் அங்கே 'டு மீட்' என்று எழுதிச் சறுக்குகிறார்கள்.