பழைய டிஸ்னிலேண்ட் சிலைடுகளில் சரியாக வராதவற்றைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கேள்வியின் சுருக்கம் இதுதான். அமெரிக்காவில் வேலை பார்த்த பெரியப்பா அறுபதுகளில் டிஸ்னிலேண்டில் எடுத்த சிலைடுகள் (அட்டைச் சட்டத்தில் பொருத்தி, சுவரில் பெரிதாகப் போட்டுப் பார்க்கிற பிலிம் படங்கள்) ஒரு பெட்டி நிறைய வந்து சேர்ந்திருக்கின்றன, பாதிக்கு மேல் மங்கல், கோணல், தலை வெட்டுப்பட்டது, சிவந்துபோனது, சிலது முழுக்கக் கறுப்பு. ஸ்கேன் செய்ய ஒரு சிலைடுக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்கிறார்கள், அதனால் நல்லதை மட்டும் ஸ்கேன் செய்துகொண்டு மிச்சத்தை எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். கையில் காசு குறைவு என்றால் நான் தலைகீழாகத்தான் சொல்வேன்: மோசமானதை முதலில் ஸ்கேன் பண்ணுங்கள், நல்லது காத்திருக்கட்டும். டிஸ்னிலேண்ட் பூங்காவின் கோட்டை நடுவில் நேராக நிற்க, வானம் நீலமாக இருக்க, முன்னால் பூப்பாத்தியோடு பளிச்சென்று வந்த படம் ஊரில் எல்லோரிடமும் இருக்கிற படம்தான். அப்படி எடுக்க வராதவர்களுக்காகவே பானா-வியூ என்ற பெயரில் தயார் சிலைடுகளைக் கடையில் வைத்து விற்றார்கள், பழைய பொருள் விற்கிற தளங்களில் அவை இன்றைக்கும் கிடைக்கும். உங்கள் பெரியப்பா கை ஆடி எடுத்த படம் எங்கேயும் கிடைக்காது.

இதைச் சும்மா சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் இதே பெட்டி இருக்கிறது. அப்பாவின் சித்தப்பா, எனக்குச் சின்னப் பாட்டா, நாகர்கோவிலில் கல்லூரி வாத்தியாராக இருந்தவர், மேல்படிப்புக்காகக் கலிபோர்னியா போனார், பின்னாலேயே சின்னப் பாட்டியும் போனார். திரும்பி வரும்போது ஒரு ஆர்கஸ் சி-3 கேமராவையும் மஞ்சள் டப்பா டப்பாவாகக் கோடாக் சிலைடுகளையும் கொண்டுவந்தார்கள். டப்பாக்கள் டிரங்குப் பெட்டிக்குள் போயின, டிரங்குப் பெட்டி மார்த்தாண்டம் வீட்டு மச்சில் ஏறியது, அவ்வளவுதான், அப்புறம் யாரும் திறக்கவில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வந்து போகிற மாவட்டம் எங்களுடையது. பிலிமின் மேல் பூசியிருப்பது ஜெலட்டின், ஈரமும் இருட்டும் சேர்ந்தால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. பெட்டியைத் திறந்து முதல் சிலைடைச் சுவரில் போட்டபோது கோட்டைக்கு மேலே வானம் முழுக்க வெளிர் நிறத்தில் கிளை கிளையாக விரிந்திருந்தது, சின்னப் பையன்கள் எல்லாரும் வாணவேடிக்கை என்று கத்தினார்கள். அத்தைதான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "வாணவேடிக்க ஒண்ணும் இல்ல மக்களே, பூஞ்சையாக்கும்" என்றாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சிலைடுகளில் ஒரு சுருள் முழுக்க அட்டையில் ஜனவரி 67 என்று முத்திரை இருந்தது. கோடாக் லேபில் கழுவி அட்டையில் பொருத்தும்போதே மாதத்தையும் வருஷத்தையும், கூடவே படத்தின் வரிசை எண்ணையும் அடித்துவிடுவார்கள். அதனால் வீட்டில் எல்லாரும் 1967-இல் போனதாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த முத்திரை கழுவிய மாதம்தான், எடுத்த மாதம் இல்லை. எடுத்த மாதத்தை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தவை இரண்டு மோசமான படங்கள்.

ஒன்று, முழுக்கக் கலங்கிப்போன படம். சாயங்காலம் எடுத்திருக்கிறார், கேமராவில் இருந்தது கோடாக்குரோம் II என்ற கோடாக் பிலிம், அது வெளிச்சத்தைப் பிடிக்கிற வேகம் ஏஎஸ்ஏ என்ற கணக்கில் 25 தான், இன்றைய போன் கேமராவோடு ஒப்பிட்டால் நத்தை. அசைகிற எதையும் மங்கிய வெளிச்சத்தில் அது தெளிவாகப் பிடிக்காது. படத்தில் ஆட்களே தெரியவில்லை, வட்ட வட்டமாக ஏதோ இழுபட்டிருந்தது, வெகுநேரம் பார்த்த பிறகுதான் புரிந்தது, அது பிளையிங் சாசர்ஸ் என்ற விளையாட்டு. தரையில் நிறைய ஓட்டைகள், அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள், ஒரு ஆள் உட்காருகிற தட்டு அந்தக் காற்றில் மிதக்கும், உடம்பைச் சாய்க்கிற பக்கம் அது நகரும். அடிக்கடி பழுதாகிக்கொண்டே இருந்த விளையாட்டு, 1961-இல் தொடங்கி 1966-லேயே மூடிவிட்டார்கள். ஆக இந்தப் படம் 1967 இல்லை.

இரண்டாவது, ஒரே பிலிமில் இரண்டு படம் விழுந்தது. ஆர்கஸ் சி-3 வைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்த கதை. அமெரிக்காவில் அதற்குச் செங்கல் என்றே பட்டப்பெயர், அந்த உருவமும் கனமும் அப்படி. அதில் பிலிமை நகர்த்துவது ஒரு வேலை, ஷட்டரை இழுத்து வைப்பது தனி வேலை, ஒன்றை மறந்தாலும் கேமரா ஒன்றும் சொல்லாது, அடுத்த படத்தையும் அதே இடத்தில் எடுத்துக் கொடுத்துவிடும். சின்னப் பாட்டா மறந்திருக்கிறார். சின்னப் பாட்டி சேலையில் நிற்கிறார், தோளில் கைப்பை, அந்தச் சேலைக்குள்ளேயே வெள்ளையும் பொன்னுமாக ஒரு பெரிய கடிகாரக் கோபுரம், அதற்குக் கீழே முந்தானை விழுகிற இடத்தில் ஒரு படகு நிறைய ஆட்கள். அது இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு என்ற படகுச் சவாரி. 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்து, அப்புறம் டிஸ்னிலேண்டுக்குக் கொண்டுவந்து 1966 மே 28-இல் திறந்தது. படகில் ஆட்கள் போகிறார்கள் என்றால் திறந்த பிறகுதானே. முன்னால் ஒரு எல்லை, பின்னால் ஒரு எல்லை, ஆக 1966 கோடை. கடைசி எண் போட்ட படங்களில் வீட்டுக்குள் கிறிஸ்துமஸ் மரம் இருந்தது, பிலிம் தீரட்டும் என்று டிசம்பர் வரை கேமராவிலேயே வைத்திருந்து ஜனவரியில் கழுவக் கொடுத்திருக்கிறார். பிலிம் விலைக்கு அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். (வால்ட் டிஸ்னி இறந்தது 1966 டிசம்பர் 15. இவர்கள் போனபோது மனிதர் உயிரோடு இருந்தார், இதைக் கண்டுபிடித்ததில் என் தம்பிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.)

அந்த இரட்டைப் படத்தின் ஓரத்தில் இன்னொன்றும் உண்டு. அரைக்கால் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பையன், கையில் ஏதோ தின்பண்டம், அதைத் தின்ன மறந்து சின்னப் பாட்டியின் சேலையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நேராக நிற்க வைத்து எடுத்த நல்ல படங்கள் எதிலும் அவனைப் போல ஒருவன் கிடையாது, யாராவது குறுக்கே வந்தால் தள்ளிப்போகும்வரை சின்னப் பாட்டா காத்திருப்பாராம்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த குப்பைப் படத்தைச் சொல்கிறேன். அதன் எண் 1. பிலிமை மாட்டும்போது வெளிச்சம் பட்டு இடது பக்கம் பாதி எரிந்து ஆரஞ்சாகிவிட்டது, மீதிப் பாதியில் கார், கார், கார். பார்க்கிங். புதுப் பிலிம் போட்டால் சும்மா ஒன்றிரண்டு முறை அமுக்கி நகர்த்துவது வழக்கம், அதில் விழுந்தது. காசு கொடுத்துப் பிலிம் வாங்கின யாராவது பார்க்கிங்கைப் படம் எடுப்பார்களா? அதனால்தான் அந்த இடத்தின் படம் கோட்டைப் படம் அளவுக்குக் கிடைப்பதில்லை. அந்தப் பார்க்கிங்கே இன்றைக்கு இல்லை, அதே இடத்தில் கலிபோர்னியா அட்வெஞ்சர் என்று இரண்டாவது பூங்காவைக் கட்டி 2001 பிப்ரவரியில் திறந்துவிட்டார்கள். கோட்டையை இன்றைக்குப் போனாலும் பார்க்கலாம், அந்தக் கார்களுக்கு நடுவே இறங்கி நடந்து உள்ளே போகிற வாசலைப் பார்க்க முடியாது.

தலை வெட்டுப்பட்ட படங்களும் அப்படித்தான். பார்க்கிற கண்ணாடி ஒரு இடத்தில், லென்ஸ் ஒரு இடத்தில் இருக்கிற கேமரா அது, கிட்டத்தில் நிற்கிற ஆளை எடுத்தால் தலை போய்விடும். சின்னப் பாட்டி தலையில்லாமல் நிற்கிற ஒரு படத்தில் பின்னால் வெள்ளையாக, நான்கு பக்கமும் இறக்கை நீட்டிய ஒரு வீடு. மான்சான்டோ கம்பெனி 1957-இல் முழுக்கப் பிளாஸ்டிக்கில் செய்து வைத்த 'எதிர்கால வீடு'. 1967-இல் அதை இடிக்கப் போனபோது இடிக்கிற இரும்புக் குண்டு பட்டுப் பட்டுத் திரும்பி வந்ததாம், கடைசியில் துண்டு துண்டாக்கித்தான் எடுத்தார்கள். தலை சரியாக வந்திருந்தால் அந்த வீட்டின் பாதியை மறைத்திருக்கும். சின்னப் பாட்டி கேட்டால் கோபப்படுவார், இருந்தாலும் உண்மை அதுதான்.

கேபிள் கூண்டில் போகும்போது எடுத்த ஒரு படமும் இருக்கிறது, ஸ்கைவே என்பார்கள், 1994-இல் நிறுத்திவிட்டார்கள். பாதிப் படத்தைக் கூண்டின் விளிம்பு அடைத்துக்கொண்டது, மீதிப் பாதி சாய்ந்து கிடக்கிறது, அதில் தெரிவது கட்டடங்களின் கூரை. கீழே நடந்து போகிறவர்கள் பார்க்கக்கூடாது என்று ஒளித்து வைத்த பக்கம். முன்பக்கம் கூடாரமும் கொடியுமாக ஜோடனை, மேலே இருந்து பார்த்தால் சாதாரண ஷெட்டு. நான் இதைச் சுவரில் பெரிதாகப் போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், கோட்டைப் படத்துக்கு அவ்வளவு நேரம் செலவழிக்கத் தோன்றவில்லை.

அப்புறம் சிவந்துபோனவை. அது உங்கள் பெரியப்பாவின் குற்றம் இல்லை. கோடாக்குரோம் இருட்டில் இருந்தால் நிறம் அப்படியே நிற்கும், எங்கள் பெட்டியில் பூஞ்சைக்கு அடியில் கூட நீலம் நீலமாகவே இருக்கிறது. அந்தக் காலத்து எக்டாகுரோம் என்ற இன்னொரு கோடாக் பிலிமில் மற்ற நிறங்கள் போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சும். பானா-வியூவும் அதே கதிதான். அட்டையில் பெயர் இல்லையென்றால் சிலைடை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பூச்சுப் பக்கத்தில் உருவம் மேடு பள்ளமாகத் தெரிந்தால் கோடாக்குரோம். இது ஸ்கேன் செய்கிறவருக்கும் தெரிய வேண்டும், ஏனென்றால் ஸ்கேனரில் தூசியைத் தானாக அழிக்கிற வசதி அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வது, கோடாக்குரோமில் அது குழம்பிப்போய் நல்ல விவரங்களையும் சேர்த்து அழிக்கும். அதை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். அட்டையோடு முன்னும் பின்னும் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள், தேதியும் எண்ணும் அதில்தான் இருக்கின்றன.

எங்கள் வீட்டுப் பையன் ஒருவன் அந்தப் பார்க்கிங் படத்தை ஏஐ செயலியில் போட்டுச் 'சரிசெய்து' குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினான். எரிந்துபோன ஆரஞ்சுப் பகுதி அழகான சூரிய அஸ்தமனம் ஆகிவிட்டது, எல்லாரும் இதயம் போட்டார்கள், ஒரு சித்தி நம்ம கன்னியாகுமரி மாதிரியே இருக்கு என்று எழுதினாள். இரட்டைப் படத்தில் சேலைக்கரையைப் பூப்போட்ட லேஸ் ஆக்கி, அந்தப் பையனுக்குப் புதுப் பல்வரிசை வைத்துச் சிரிக்கவிட்டிருந்தது. அவன் சிரிக்கவே இல்லை, வாயைப் பிளந்துகொண்டு நின்றான்! விளையாட்டுக்குச் செய்யலாம், நான் தடுக்கவில்லை. மூலத்தை அப்படியே ஸ்கேன் செய்து தனியாகப் பத்திரப்படுத்திய பிறகு செய்யுங்கள், இல்லையென்றால் பத்து வருஷம் கழித்து எது நடந்தது எது செயலி வரைந்தது என்று யாருக்கும் தெரியாது.

இந்த வேலைக்கு அமெரிக்கச் சிலைடுதான் வேண்டும் என்றில்லை. எங்கள் வீட்டு ஆல்பத்தில் முக்கடல் கரையில் எடுத்த தேதியில்லாத படங்கள் ஏராளம். பாறையில் விவேகானந்தர் மண்டபம் நிற்கிறதென்றால் 1970-க்கு அப்புறம். பக்கத்துப் பாறையில் வள்ளுவர் சிலை இன்னும் முடியாமல் சாரம் கட்டியிருந்தால் தொண்ணூறுகள். வள்ளுவர் முழுசாக நின்றால் 2000-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. கண்ணாடிப் பாலம் தெரிந்தால் நேற்று எடுத்தது மாதிரிதான், அது 2024 டிசம்பர் கடைசியில் திறந்தது. இதையெல்லாம் நல்ல படத்தில் பார்க்க முடியாமல் போகலாம், ஏனென்றால் நல்ல படத்தில் சொந்தக்காரர்கள் வரிசையாக நின்று கடலை மறைத்திருப்பார்கள்.

கடைசியாக இரண்டு. பூஞ்சை பிடித்த சிலைடை எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீரில் கழுவாதீர்கள், ஈரத்துணியும் வேண்டாம், பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டால் கரைந்து படத்தோடு போய்விடும். முதலில் இருக்கிறபடியே ஸ்கேன் செய்யுங்கள், சுத்தம் பண்ணுவதைத் தெரிந்த ஆளிடம் விடுங்கள். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள், மச்சில் வேண்டாம்.

முழுக்கக் கறுப்பாக இருப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், ராத்திரி விளக்குகள் ஏதாவது ஓரத்தில் இருக்கும். அப்படியும் ஒன்றுமே தெரியவில்லையா, பெரியப்பா லென்ஸ் மூடியைக் கழற்றாமல் எடுத்திருக்கிறார். அட்டையில் உள்ள மாதத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டு அதை மட்டும் எறிந்துவிடுங்கள்.