பிருகன்னளைக்கு ஆள் இல்லை

வணக்கம். எங்களுடையது வாலாஜா பக்கத்துக் கிராமம். திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் பசங்களாகச் சேர்ந்து, பாண்டவர்கள் விராடன் அரண்மனையில் மறைந்து வாழ்கிற விராட பர்வத்தை ஒரு மணி நேர மேடை நாடகமாகப் போடப்போகிறோம். விராடன் மகன் உத்தரகுமாரன் வேஷத்துக்கு நான்கு பேர் போட்டி. அர்ச்சுனன் ஆணும் பெண்ணும் அல்லாத நடன ஆசிரியராக மறைந்திருக்கிற பிருகன்னளைக்கு மட்டும் ஆள் இல்லை. ஒல்லியாக, மழமழவென்று இருக்கிற பையன்களாகப் பார்த்துக் கேட்டோம். "அப்புறம் ஊரே அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடும்" என்று நழுவுகிறார்கள். தெரிந்த திருநங்கை ஒருவர் இருக்கிறார், நன்றாக ஆடுவார். அவரையே போட்டுவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விராட பர்வம் போட்டால் மழை வரும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. இந்த வெயிலுக்கு நல்ல காரியம்தான் செய்கிறீர்கள்.

பையன்கள் பயப்படுவது மறுநாள் காலை டீக்கடையை நினைத்து. தெருக்கூத்து ஜமாக்களில், அதாவது கூத்துக் குழுக்களில், இந்தத் தொல்லை குறைவு. அங்கே பெரும்பாலும் பெண் வேஷத்தில்தான் ஆள் தொடங்குவான். ராஜா வேஷத்துக் கிரீடமும் தோளில் கட்டுகிற புஜக்கீர்த்தியும் பிறகுதான். துரியோதனன் கட்டுகிற வாத்தியாரே ஒரு காலத்தில் சேலை கட்டியவர் என்றால் யார் யாரைக் கேலி செய்வது? உங்கள் குழுவில் அந்த வரிசை கிடையாது. அதனால் இளைத்த பையன் தலையில் கட்டாமல், ஊரில் யார் பேச்சுக்கு மறுபேச்சு இல்லையோ அவரைக் கேளுங்கள். கபடி கேப்டனாக இருந்தாலும் சரி. இல்லையென்றால் நீங்களே கட்டுங்கள்.

ஒல்லி, மழமழ எல்லாம் வேண்டாம். இளவரசி உத்தரைக்கு நடனம் சொல்லித்தருகிற அதே ஆள்தான் பிற்பாதியில் வன்னி மரத்தில் ஒளித்துவைத்த காண்டீப வில்லை வாங்கி கௌரவர் சேனையை விரட்டுகிறான். நாண் உரசிக் காய்த்த தழும்பை மறைக்கத்தான் அர்ச்சுனன் வளையலே போடுகிறான். ஒத்திகையில் ஆளுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் மாட்டி வில்லைத் தூக்கச் சொல்லுங்கள். ஒருவன் வளையலை முழங்கைக்கு ஏற்றிக்கொள்வான், இன்னொருவன் சிரித்துவிடுவான். வளையல் சத்தத்தை மறந்து வில்லையே பார்க்கிறவன் யாரோ அவனுக்குக் கொடுங்கள். (மீசையை எடுக்கச் சம்மதமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். எல்லா ஒத்திகையும் முடிந்தபிறகு மீசைக்காக விலகுகிறவர்கள் உண்டு.) உத்தரனுக்கு, அந்த நான்கு பேரில் பயந்து ஓடத் தெரிந்தவன் போதும், வாய்ச்சவடால் எல்லாருக்கும் வரும்.

அந்தத் திருநங்கை நன்றாக ஆடுவார் என்பதற்காகக் கூப்பிட்டால் சரி. யாரும் தொட மறுக்கிற வேஷம், அவருக்கு இனி என்ன கேலி என்று நினைத்துக் கூப்பிட்டால் எனக்கு அது பிடிக்கவில்லை. வருஷம் முழுக்க அந்தக் கேலியைக் கேட்கிறவர் அவர். பாஞ்சாலி வேஷத்துக்கு அவரைக் கேட்டீர்களா? சைரந்திரியாக அரண்மனையில் ஊழியம் செய்து, கீசகனிடம் உதைபட்டு, விராடன் சபையில் நியாயம் கேட்கிறாள். நன்றாக நடிக்கிறவருக்கு அதில் வேலை அதிகம். இரண்டில் எது வேண்டும் என்று அவரே சொல்லட்டும்.