முதலில் அந்த உண்டியலைத் திறங்கள்

கேள்வி: எனக்கு ஒரே மகன், வயது பத்து. ஆங்கில வழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் தெலுங்கு பேசுவோம், வெளியே தமிழ். நான் தமிழ் வழியில் படித்து பி.காம். முடித்தவள். ஓசூரில் ஒரு கம்பெனி இன்டர்வியூவில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வராமல் அவமானப்பட்டுத் திரும்பினேன். அந்த நிலைமை என் பிள்ளைக்கு வரக் கூடாது என்று ஒரு வருடமாக வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான் என்று வைத்திருக்கிறேன். எனக்கும் சரளமாக வராது, இருந்தாலும் முயற்சி செய்கிறேன். தினமும் 20 புது வார்த்தைகளை மகன் பத்து முறை எழுத வேண்டும். டென்ஸ் சார்ட் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். தெலுங்கோ தமிழோ பேசினால் ஒரு தடவைக்கு ஐந்து ரூபாய் அபராதம், உண்டியலில் போட வேண்டும். (மாமியார் தன் முதியோர் பணத்திலிருந்து அவனுக்காகக் கட்டிவிடுகிறார். அதனால் பயம் விட்டுப்போகிறது.) இவ்வளவு செய்தும் பையன் வாயே திறப்பதில்லை. எது கேட்டாலும் 'எஸ்', 'நோ', 'நத்திங்' மூன்றில் ஒன்றுதான் பதில். யூடியூபில் ஒருவர் கிராமர் முதலில் என்கிறார், இன்னொருவர் கிராமரே கூடாது என்கிறார், மற்றொருவர் குழந்தை மாதிரி கேட்டுக் கேட்டுப் பழக வேண்டும் என்கிறார். எந்த முறை சரி? மாமியாரிடம் அபராதம் கட்ட வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி.

பதில்: முறையைப் பற்றி அப்புறம் பேசலாம். அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

உங்கள் வீட்டில் ஒரு வயதான பெண்மணி, அரசாங்கம் தரும் முதியோர் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்துத்தான் தன் பேரனோடு தன் மொழியில் பேச முடிகிறது. அந்தப் பணத்தில் மாத்திரை வாங்க வேண்டும், வெற்றிலை பாக்கு வாங்க வேண்டும், பேரன் கேட்டால் ஒரு முறுக்கு வாங்கித் தர வேண்டும். அதிலிருந்து ஐந்து ஐந்து ரூபாயாக உங்கள் உண்டியலில் விழுகிறது. நீங்கள் அதைப் பார்க்கிறீர்கள், திட்டத்துக்கு இடைஞ்சல் என்று எனக்கு எழுதவும் செய்கிறீர்கள். ஒரு வருடமாக இது நடக்கிறது. ஒரு நாள்கூடவா உங்களுக்கு உறுத்தவில்லை?

ஒன்று கேட்கிறேன். உங்கள் அம்மாவோடு போனில் பேசும்போது என்ன மொழி? ஷிஃப்ட் முடிந்து வரும் வீட்டுக்காரர் தன் அம்மாவிடம் "சாப்பிட்டாயா" என்று கேட்பது எந்த மொழியில்? நீங்கள் இருவரும் உண்டியலில் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சம்பாதிக்கிறவர்களுக்கு அபராதம் இல்லை. சம்பாத்தியம் இல்லாத இரண்டு பேருக்கு மட்டும்தான், பத்து வயதுப் பையனுக்கும் அவன் அவ்வாவுக்கும், அதாவது பாட்டிக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். பையன் வாயே திறப்பதில்லை என்கிறீர்கள். அபராதம் தொடர்ந்து கட்டப்படுகிறது என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்? பேசாத பையனுக்கு எதற்கு அபராதம்? அவன் பேசிக்கொண்டுதான் இருக்கிறான், உங்களிடம்தான் பேசவில்லை. பள்ளியில் யார் அடித்தான், யார் டிபன் பாக்ஸைத் தட்டிவிட்டான், எந்த டீச்சர் லீவு என்பதெல்லாம் அவ்வாவுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்குக் கிடைப்பது 'நத்திங்' மட்டும்.

அதற்குக் காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சரளமாக வராது என்கிறீர்கள். சரளமாக வராத மொழியில் ஒரு தாய் பிள்ளையிடம் என்ன பேச முடியும்? கம், ஈட், ஸ்லீப், ஹோம்ஒர்க் முடித்தாயா, இவ்வளவுதான். எல்லாமே கட்டளை. "அவன் அப்படிச் சொன்னதும் உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்க உங்களிடம் ஆங்கிலம் இல்லை, கேட்கக்கூடிய மொழிக்கோ நீங்களே தடை போட்டுவிட்டீர்கள். இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. தர்மபுரியிலிருந்து வரும், பாலக்கோட்டிலிருந்து வரும், அரூரிலிருந்து வரும். கோச்சிங் ஃபீஸும் ஆப்பின் பெயரும்தான் மாறும். பிள்ளை நம்மிடம் பேசுவதை நிறுத்திவிட்டான் என்ற கவலை மட்டும் எதிலும் நேராக இருக்காது. ஆங்கிலம் வரவில்லை என்ற கவலையாகத்தான் வரும்.

சரி, முறைகளுக்கு வருவோம். யூடியூப்காரர்கள் மூன்று பேர் சொல்வதும் புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. நூறு வருடத்துச் சண்டையை ஆளுக்கொரு துண்டாக வெட்டி விற்கிறார்கள்.

இருபது வார்த்தை, பத்து முறை, தப்புக்கு அபராதம் என்கிற உங்கள் திட்டத்துக்கு வேர் எங்கே என்று பார்த்தால் ஒரு காலத்து நடத்தைவாதக் கொள்கையில் இருக்கிறது. மொழியும் ஒரு பழக்கம்தான், திரும்பத் திரும்பச் செய்து சரியானதற்குப் பரிசு கொடுத்தால் படிந்துவிடும் என்றார்கள். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1957-இல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். அப்படிப்பட்ட ஸ்கின்னரே தண்டனையை நம்பியவர் இல்லை. பரிசுதான் பழக்கத்தை வளர்க்கும், தண்டனையால் நிலையான பலன் இல்லை என்று வாதாடியவர். உங்கள் உண்டியலுக்கு அவருடைய சிபாரிசுகூடக் கிடைக்காது. இரண்டே வருடத்தில், 1959-இல், நோம் சோம்ஸ்கி என்ற மொழியியலாளர் அந்தப் புத்தகத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினார். கேட்டதை மட்டும் திருப்பிச் சொல்கிற பிராணியா குழந்தை, இதுவரை யாரும் சொல்லாத வாக்கியத்தை எப்படிச் சொல்கிறது என்பது அவர் கேள்வி.

உங்கள் பையன் எப்போதாவது 'டீச்சர் கம்டு' என்று சொல்லியிருப்பான், நீங்கள் தலையில் குட்டியிருப்பீர்கள். 'கம்டு' என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எந்தப் புத்தகத்திலும் இல்லை, எந்த டீச்சரும் சொல்வதில்லை. வாக்டு, ஜம்ப்டு என்று கேட்டதிலிருந்து ஒரு விதியை அவனே பிடித்து, பொருந்தாத இடத்தில் போட்டிருக்கிறான். பிட் கார்டர் என்ற மொழியியலாளர் 1967-இல் சொன்னது இதைத்தான்: கற்பவன் செய்யும் பிழை, அவன் மனதில் என்ன ஒழுங்கு உருவாகியிருக்கிறது என்று ஆசிரியருக்குக் காட்டும் தடயம். குட்டு வாங்கிய பையன் அடுத்த தடவை விதியைத் திருத்திக்கொள்ள மாட்டான். வாயை மூடிக்கொள்வான். மூடிக்கொண்டான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

'கேட்டுக் கேட்டுப் பழகு' என்கிறவர் ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்கரின் கருத்தைச் சொல்கிறார். புரிகிற மாதிரியான மொழி, கொஞ்சமே கொஞ்சம் கூடுதல் கடினத்தோடு, நிறையக் காதில் விழ வேண்டும் என்பார் அவர். புது மொழிக்குள் வரும் குழந்தை சில காலம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு என்றும், பயமும் அவமானமும் இருந்தால் காதில் விழுவது உள்ளே இறங்காது என்றும் சொன்னார். கேட்டால் மட்டும் போதும் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த ஆங்கில வீட்டுக் குழந்தைகளை மெரில் ஸ்வெய்ன் என்ற ஆராய்ச்சியாளர் கவனித்தார். வருடக்கணக்கில் கேட்டும், பேச்சிலும் எழுத்திலும் இலக்கணத் தடுமாற்றம் போகவில்லை. பேசவும் எழுதவும் வேண்டும், அப்போதுதான் எங்கே இடிக்கிறது என்று தெரியும் என்று 1985-இல் எழுதினார். ஆக, கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டும். கிராமரும் வேண்டும், ஃபிரிட்ஜ் கதவில் வேண்டாம். ஏதோ ஒன்றைச் சொல்ல முயன்று அவன் தடுமாறும் இடத்தில், அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துச் சொன்னால் ஒட்டும். பன்னிரண்டு கட்டம் போட்ட டென்ஸ் சார்ட்டைப் பார்த்துப் பேசக் கற்ற பத்து வயதுப் பிள்ளையை நான் பார்த்ததில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் போதும். உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் போகிற பெங்களூரில், 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு ஒரு வேலை செய்தார். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அலுவலராக இருந்தவர். வாக்கிய அமைப்பை ஒவ்வொன்றாக அடுக்கி, திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் பாடத்திட்டம்தான் அப்போது நம் பக்கத்துப் பள்ளிகளில். அதை ஓரம்கட்டிவிட்டு, சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள் கையில் ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்தார். இந்த ரயிலில் போனால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம், கூட்டத்துக்கு நேரத்தில் போக எந்த வண்டி என்று கணக்குப் போட வேண்டும். கவனமெல்லாம் விடையில் இருக்கும், மொழி பின்னாலேயே வரும் என்பது அவர் நம்பிக்கை. ஒரு வேலையைக் கொடுத்து அதன் வழியாக மொழி கற்பிப்பது (task-based teaching) என்று உலகம் முழுக்க இன்றைக்குப் பேசுவதில் இந்தப் பெங்களூர் வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. கிருஷ்ணகிரிக்குத்தான் ரயிலே இல்லையே என்று சண்டைக்கு வராதீர்கள். பஸ் ஸ்டாண்டு இருக்கிறது. குப்பத்துக்கும் திருவண்ணாமலைக்கும் பெங்களூருக்கும் போகிற வண்டிகளின் நேரத்தை அவனை நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள், அதை வைத்து ஆங்கிலத்தில் நாலு கேள்வி கேளுங்கள். 'வாட் டைம்' என்று கேட்க உங்களுக்கு வரும். வராவிட்டால் அவனே சொல்லிக் கொடுப்பான், அதுவும் நல்லதுதான்.

இனி அவ்வா விஷயம். அவரைப் பையனின் ஆங்கிலத்துக்கு எதிரி என்று நினைக்கிறீர்கள். ஜிம் கம்மின்ஸ் என்ற கனடா ஆராய்ச்சியாளர் 1979-இலிருந்து சொல்லி வருவது வேறு. ஒரு மொழியில் ஆழமாகக் கற்ற சிந்தனை இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும். நடந்ததை முன்பின் மாறாமல் சொல்வது, காரணம் காட்டுவது, எதிராளி ஏன் கோபப்பட்டான் என்று யூகிப்பது, இதையெல்லாம் உங்கள் பையன் இப்போது அவ்வாவிடம் தெலுங்கில் பழகிக்கொண்டிருக்கிறான். அது இருந்தால் ஆங்கிலத்தில் பேசும்போது வார்த்தைகளும் இலக்கணமும் மட்டும்தான் புதிதாகத் தேவைப்படும். அது இல்லாமல் 20 வார்த்தை பத்து முறை எழுதினால் கை வலிதான் மிச்சம். தெலுங்கும் தமிழும் அவனுக்கு எப்படி வந்தன? சார்ட் ஒட்டினீர்களா, உண்டியல் வைத்தீர்களா? பேச ஆள் இருந்தது, பேச விஷயம் இருந்தது. உங்கள் வீட்டில் அவனிடம் முழு வாக்கியத்தில் பேசுகிற ஒரே பெரியவர் இன்றைக்கு அவர்தான். அவரிடமா வசூல்?

அவருடைய மாத்திரை அட்டைகளை எடுத்துப் பையன் கையில் கொடுங்கள். எல்லாம் ஆங்கிலத்தில்தான் அச்சாகியிருக்கும். பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம், எந்த மாதத்தோடு காலாவதி என்று அவன் படிக்கட்டும். டாக்டர் சீட்டையும் பக்கத்தில் வைத்து, எது சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று அவ்வாவுக்குத் தெலுங்கில் சொல்லட்டும். கூடவே நீங்களும் உட்கார்ந்து சரிபாருங்கள், மாத்திரை எடுத்துக் கொடுப்பது உங்கள் கையாகவே இருக்கட்டும். கரண்ட் பில் மெசேஜ், பேங்க் மெசேஜ் எல்லாம் இப்படியே. ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டிய தேவை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் பணம் கட்டினாலும் இப்படி ஒரு தேவையை உண்டாக்கித் தர மாட்டார்கள், கண்ணாடி முன்னால் நின்று தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள் என்பார்கள்.

இரவில் அரை மணி நேரம் ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்றை இருவரும் சேர்ந்து படியுங்கள், அவன் வயதுக்குக் கொஞ்சம் எளிதானதாக. நூலகத்தில் கிடைக்கும். தெரியாததைத் தெலுங்கில் பேசிக்கொள்ளுங்கள். இன்டர்வியூ அவமானம் உங்களுடையது, அதைத் தீர்க்க வேண்டியவரும் நீங்கள்தான். உங்களுக்கு ஆங்கிலம் வேண்டுமென்றால் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள், வயது ஒன்றும் தாண்டிவிடவில்லை. அந்தக் கடனைப் பிள்ளை தலையில் எழுதி, வட்டியை மாமியாரிடம் வாங்காதீர்கள்.

"மாமியாரிடம் எப்படிச் சொல்வது?" என்று கேட்டீர்கள். அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை, கொடுக்கத்தான் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரையும் உட்கார வைத்து உண்டியலைத் திறந்து எண்ணுங்கள். முழுப் பணத்தையும் மாமியார் கையில் கொடுங்கள், பையன் பார்க்கக் கொடுங்கள். எதற்கு என்று அவர் கேட்டால் தெலுங்கிலேயே பதில் சொல்லுங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார். கட்டாயப்படுத்திக் கொடுங்கள்.