மணலில் இறங்கட்டும் நங்கூரம்

தீவுகளை ஒட்டிப் படகு நிறுத்துவது பற்றிக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஊர்கள் வேறுவேறு, கேட்பது ஒன்றுதான்: படகும் நகரக் கூடாது, பவளமும் உடையக் கூடாது. இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: எங்களுடையது 24 அடி ஃபைபர் படகு. கம்பியை வளைத்துச் செய்த நாலு கை நங்கூரம் போடுகிறோம். பாரில் (பவளப் பாறைத் திட்டில்) மாட்டிக்கொண்டால் சில நேரம் கயிற்றை அறுத்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. வேறு எது நல்லது? — கீழக்கரை வாசகர்

நாலு கை நங்கூரம் பாறையில் கொளுவிப் பிடிக்கத்தான் லாயக்கு. மணலில் அது கோடு கிழித்துக்கொண்டே வரும். அதனால் அதை வைத்திருப்பவர் மணலைத் தேட மாட்டார், பாரைத்தான் தேடுவார். வினை அங்கேயே ஆரம்பிக்கிறது. கை மாட்டியிருப்பது உயிருள்ள பவளமாக இருந்தால், அலை படகைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் கடப்பாரை போட்டு நெம்புவது போல அதைப் பெயர்க்கும். மெல்லிய கம்பியில் கை செய்தால் இழுக்கும்போது நிமிர்ந்து வந்துவிடும் என்று சொல்வார்கள். நங்கூரம் வந்துவிடும், உண்மைதான். கம்பி நிமிர்வதற்குள் பவளம் உடைந்திருக்கும்.

மணலுக்கும் சேற்றுக்கும் தட்டை அலகு நங்கூரம் வாங்குங்கள். அகலமான இரண்டு தகடுகள் கீலில் இருபுறமும் மடங்கும். டான்ஃபோர்த் என்று கேட்டால் படகுச் சாமான் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். உங்கள் படகுக்கு 7 முதல் 10 கிலோ எடை போதும். கயிற்றை நேராக அதில் கட்டாதீர்கள். நடுவில் 8 மி.மீ. தடிமனுள்ள, துத்தநாகம் பூசிய சங்கிலி 5 மீட்டர் வேண்டும். அது ஏறக்குறைய 7 கிலோ இருக்கும். அந்தக் கனம்தான் நங்கூரத்தின் தண்டைத் தரையோடு படுக்க வைக்கிறது. தண்டு படுத்திருந்தால் அலகு மண்ணுக்குள் போகும். தண்டு தலை தூக்கினால் அலகு பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். சங்கிலிக்குப் பிறகு 12 மி.மீ. நைலான் கயிறு. நைலான் இழுபடும், ஆகவே அலையின் வெட்டு நங்கூரத்துக்குப் போகாது. சங்கிலியை இணைக்கும் U வடிவ வளையமான ஷாக்கிளின் ஆணியைத் திருகியதோடு விட்டுவிடாமல் கம்பி கோத்து முறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓர் இரவு ஆட்டத்தில் அது தானாகக் கழன்றுவிடும்.

ஒன்று நினைவிருக்கட்டும். தட்டை அலகு கடற்புல்லில் பிடிக்காது. புல்லை வாரிக்கொண்டு அலகு அடைத்துப் போகும், படகும் இழுபடும், புல்லும் வேரோடு போகும். வேர்த்தண்டு அறுந்த இடத்தில் புல் மீண்டும் மூட வருடங்கள் ஆகும். ஆவுளியா (கடற்பசு) மேய்வது அந்தப் புல்லில்தான்.

நீங்கள் இருக்கும் பகுதி மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவை ஒட்டியது. 1986இல் அறிவிக்கப்பட்ட அந்தப் பூங்காவின் எல்லை தீவுகளிலிருந்து வெளிக்கடல் பக்கம் 5 பாக (ஏறக்குறைய 9 மீட்டர்) ஆழம் வரையும், கரைப் பக்கம் மூன்றரைப் பாக ஆழம் வரையும் போகிறது. எல்லையை உங்கள் ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நங்கூரம் போடும் பேச்சே வேண்டாம்.

கேள்வி: கயிறு எவ்வளவு விட வேண்டும்? ஆழத்தைப் போல மூன்று மடங்கு போதும் என்கிறார் எங்கள் ஊர்ப் பெரியவர். — தூத்துக்குடி வாசகர்

ஆள் படகிலேயே இருக்க, அமைதியான கடலில் ஒரு மணி நேரம் நிற்க மூன்று மடங்கு போதும்தான். மற்ற நேரத்துக்குப் போதாது. சங்கிலியும் கயிறுமாக இருந்தால் ஏழு மடங்கு, முழுச் சங்கிலியென்றால் ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு ஏழு மடங்கு என்பதில்தான் தவறு நடக்கிறது. நீரின் ஆழம் மட்டும் கணக்கில்லை. ஆழம் 4 மீட்டர், நிற்கும் நேரத்தில் ஏறப்போகும் வெள்ளம் (ஓத ஏற்றம்) அரை மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியம் (படகின் முன்பகுதி) வரை 0.8 மீட்டர். மொத்தம் 5.3 மீட்டர். ஏழால் பெருக்கினால் 37 மீட்டர். வெறும் ஆழத்தை மட்டும் பெருக்கியவர் 28 மீட்டரோடு நிறுத்தியிருப்பார். காற்று ஏறியதும் ‘நங்கூரம் சரியில்லை’ என்று அதைத் திட்டுவார்.

கயிற்றில் 5 மீட்டருக்கு ஒரு முறை வண்ண நூல் சுற்றி வையுங்கள். இருட்டிலும் கை தடவி எண்ண முடியும்.

போடும் முறைக்கும் வருகிறேன். காற்றை எதிர்த்து மெதுவாக வந்து, மணலுக்கு மேலே படகு அசையாமல் நின்ற பிறகு நங்கூரத்தை கைக்கு கை மாற்றி இறக்குங்கள். வீசி எறிந்தால் எங்கே விழும் என்பது உங்கள் கையில் இல்லை. சங்கிலியும் அதன் தலைமேலேயே குவிந்து அலகைச் சுற்றிக்கொள்ளும். தரை தட்டியதும் படகைக் காற்றில் பின்னால் போக விட்டு, கயிற்றைக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். முழுக்க விட்டதும் கட்டி, எஞ்சினை ரிவர்ஸில் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். கரையில் ஒரு பனையும் அதற்குப் பின்னே ஒரு கோபுரமும் நேர்கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் அவை பிரியாமல் நின்றால் நங்கூரம் பிடித்துவிட்டது. கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாலும் தெரியும்: பிடித்த கயிறு சீராக விறைக்கும், இழுபடும் கயிறு தடதடவென்று அதிரும்.

அடியில் மணலா பாறையா என்று தெரியாத கலங்கல் நீரில், ஈயக்குண்டின் அடிக்குழியில் கிரீஸ் அப்பி இறக்குங்கள். மணல் என்றால் பரல் ஒட்டி வரும், சேறு என்றால் கறுத்து வரும், கிரீஸ் சுத்தமாக நசுங்கி வந்தால் பாறை. ஆழம் காட்டும் கருவி சொல்லாததை இந்தக் குண்டு சொல்லும்.

கேள்வி: புறாத்தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை வள்ளத்தில் கொண்டுபோகிறோம். மணலில்தான் நங்கூரம் விடுகிறோம். ஆனாலும் காற்று மாறினால் சங்கிலி முருகைக்கல்லில் (பவளப் பாறையில்) உரசுகிறது. என்ன செய்யலாம்? — நிலாவெளி வாசகர்

நங்கூரம் விழுந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதாது என்று கண்டுகொண்டீர்களே, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. தரையில் கிடக்கும் சங்கிலி, காற்றும் நீரோட்டமும் மாற மாற, நங்கூரத்தை மையமாக வைத்து வட்டமடிக்கும். 5 மீட்டர் சங்கிலி என்றால் கிட்டத்தட்ட 78 சதுர மீட்டர். சங்கிலிக்கு அடுத்துள்ள நைலானும் தாழும் கயிறு. காற்று விழுந்ததும் அதுவும் தரையில் படுத்து அதே வேலையைச் செய்யும்.

சங்கிலி முடிந்து கயிறு தொடங்கும் இடத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி வலைக்குப் போடும் மிதவை ஒன்றைக் கட்டிவிடுங்கள். ஒன்றிரண்டு கிலோ தூக்கும் மிதவை போதும். 7 கிலோச் சங்கிலியை அது கிளப்பாது, ஆனால் கயிறு தரையைத் தொடாது. அப்புறம், சங்கிலியின் நீளத்தைவிடத் தாராளமான மணல்வெளியின் நடுவில் விடுங்கள். விளிம்பில் விட்டால் எப்படியும் பாதி வட்டம் முருகைக்கல்லில்தான்.

மணல்வெளி சின்னதென்றால் அணியத்தில் ஒன்று, அமரத்தில் (பின்பகுதியில்) ஒன்று என்று இரண்டு நங்கூரம் போட்டு வள்ளம் சுழலாமல் நிறுத்தலாம். இது அமைதியான கடலுக்கு, ஓட்டி வள்ளத்திலேயே இருக்கும் நேரத்துக்கு மட்டும். காற்று பக்கவாட்டில் திரும்பினால் வள்ளத்தின் முழு நீளமும் காற்றை வாங்கும், நங்கூரத்துக்கு அது தாங்காது. அப்போது அமரக் கயிற்றை உடனே கழற்றிவிடுங்கள்.

எங்களைக் கேட்டால், பயணிகளை இறங்குதுறையில் இறக்கிவிட்டு வள்ளத்தை வெளியே ஆழமான மணலுக்குக் கொண்டுபோய்க் காத்திருப்பதுதான் மேல். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா என்பதால் எங்கே நிற்கலாம் என்று இலங்கை வனசீவராசிகள் திணைக்கள ஊழியர்கள் சொல்வதே முடிவு.

கேள்வி: தீவுக்குப் போகும் படகுகள் கட்டிக்கொள்ள நிலையான மிதவை போட எங்கள் சங்கம் விரும்புகிறது. பழைய டிரம்மில் கான்கிரீட் ஊற்றி இறக்கலாமா? — பாம்பன் வாசகர்

எண்ணம் அருமையானது, டிரம் வேண்டாம். தகரம் துருப்பிடித்து உதிரும், கொக்கி பிடுங்கிக்கொள்ளும். பழைய எஞ்சினும் வேண்டாம், அதில் ஊறிய எண்ணெய் பல மாதங்கள் கசியும். வெறும் கான்கிரீட் கட்டையிலும் ஒரு ஏமாற்றம் உண்டு. கரையில் ஒரு டன் இருக்கும் கட்டை கடலுக்குள் 570 கிலோதான் நிற்கும். தன் அளவு நீரின் எடையைக் கடல் தாங்கிக்கொள்கிறது. புயலில் அது நகர்ந்தால் நூறு நங்கூரம் செய்யாத நாசத்தை ஒரே இரவில் செய்யும்.

அடித்தரைக்குத் தக்கபடி முறை மாறும். உயிரில்லாத கெட்டியான சுண்ணாம்புப் பாறையென்றால், துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கண்ணாணியை (தலையில் வளையமுள்ள ஆணியை) சிமெண்டால் பதிப்பார்கள். 1980களின் தொடக்கத்தில் ஃப்ளோரிடாவின் கீ லார்கோவில் ஜான் ஹாலாஸ் உருவாக்கிய முறை இது. உலகின் பல பவளக் கடல்களில் இன்றும் இதுதான். மணலுக்கும் கடற்புல்லுக்கும் திருகு நங்கூரம்: நீண்ட தண்டில் இரும்புச் சுருளைப் பற்றவைத்து, மண்ணுக்குள் திருகி இறக்குவது. தரைக்கு மேலே கண் மட்டும் தெரியும்.

அதிலிருந்து மேலே வரும் கயிறு மிதக்கும் வகையாக இருக்க வேண்டும், அல்லது நடுவில் ஒரு மிதவை வேண்டும், நீர் வற்றும்போது தொய்ந்து தரையில் உரசாதபடி. மேல் மிதவையின் வளையத்தில் இழுவை வரக் கூடாது. கயிறு மிதவையின் நடுத்துளை வழியாகப் போய், படகின் இழுவை முழுவதையும் கயிறே தாங்க வேண்டும். கயிறு ஷாக்கிளைச் சந்திக்கும் கண்ணில் உலோகக் கவசம் போடுங்கள். துத்தநாகம் பூசிய ஷாக்கிளைத் துருப்பிடிக்காத எஃகோடு நேரடியாகக் கோக்கவே கூடாது. உப்புநீரில் அவை இரண்டும் மின்கலம் போலாகி, துத்தநாகம் கரைந்து, பிறகு ஷாக்கிள் அரித்துப் போகும். மேலிருந்து பார்த்தால் மிதவை ஜம்மென்று நிற்கும், அடியில் ஆணி குச்சியாக இளைத்திருக்கும்.

போடுவதைவிடப் பராமரிப்பதற்குத்தான் சங்கத்தில் பணம் ஒதுக்க வேண்டும். மாதம் ஒரு முறை மேல் கயிற்றையும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆள் மூழ்கி அடிப்பகுதியையும் பாருங்கள். கயிற்றில் ஒட்டும் கொட்டலசு என்னும் ஓட்டுயிரின் விளிம்பு பிளேடு மாதிரி, சுரண்டி எடுத்துவிடுங்கள். 12 மி.மீ. ஷாக்கிள் 9 மி.மீட்டராகத் தேய்ந்தால் மறுபேச்சில்லாமல் மாற்றுங்கள். மிதவையில் எத்தனை அடிப் படகு வரை கட்டலாம் என்று எழுதுங்கள். பூங்கா எல்லைக்குள் என்றால் முதல் வேலை வனத்துறையின் எழுத்து மூல அனுமதி.

கேள்வி: புலாவ் பாயார் தீவில் மிதவையில் படகு கட்டும்போது நேராக வளையத்தில் முடிச்சுப் போடலாமா? — லங்காவி வாசகர்

வேண்டாம். உங்கள் கயிற்றை மிதவைக் கயிற்றின் கண் வழியாக விட்டு இரு முனையையும் அணியத்தில் கட்டுங்கள். கிளம்பும்போது ஒரு முனையை விட்டால் போதும். கயிற்றை நீளமாகவே கொடுங்கள். அலையில் மிதவை முங்கினால் கயிறு போதவில்லை என்று பொருள். ஒரே மிதவையில் இரண்டாவது படகு கட்ட வந்தால் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: நங்கூரம் மாட்டிக்கொண்டால் எஞ்சினைக் கொடுத்து இழுக்கிறோம். தவறா? — வேம்பார் வாசகர்

தவறுதான். கயிறு செங்குத்தாக நிற்கும் வரை படகை முன்னே கொண்டுவந்து, நேர் மேலே தூக்கிப் பாருங்கள். வராவிட்டால் எந்தத் திசையிலிருந்து போட்டீர்களோ அதற்கு எதிர்த்திசையிலிருந்து கையாலேயே இழுங்கள். அதற்கும் வராவிட்டால் கயிற்று நுனியில் கேனைக் கட்டி விட்டுவிட்டு, மூழ்குபவரோடு திரும்பி வாருங்கள்.

இனிமேல் மாட்டாமல் இருக்க: சங்கிலியை நங்கூரத்தின் அடிப்பகுதியில் ஷாக்கிள் போட்டு, தண்டு வழியாக மேலே கொண்டுவந்து, மேல் வளையத்தில் மெல்லிய சணலால் கட்டுங்கள். மாட்டிக்கொண்டு பலமாக இழுத்தால் சணல் அறுந்து, இழுவை அடியிலிருந்து வரும், நங்கூரம் வந்த வழியே பின்னால் கழன்றுவிடும். இரவு தங்கலுக்கு இது ஆகாது. சணல் அறுந்தால் படகு போய்விடும்.

கேள்வி: ஒரே ஒரு நங்கூரத்தால் அப்படி என்ன கெட்டுவிடும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். — மண்டபம் ஆசிரியர்

மூளைப் பவளம் மாதிரி உருண்டையாக வளரும் இனங்கள் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். முழங்கால் உயரப் பவளத்துக்கு மாணவர்களின் தாத்தா வயது. 1988இல் கரீபியக் கடலின் செயின்ட் ஜான் தீவில் ஒரு சொகுசுக் கப்பல் பவளத்தின் மேல் ஒரு தடவை நங்கூரம் இறக்கியது. விஞ்ஞானிகள் அந்தத் தழும்பைப் பத்து வருடங்கள் அளந்தார்கள். கடினப் பவளம் சொல்லும்படி மீளவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. பவளத்தை வெட்டியெடுத்ததும் அதற்கு ஒரு காரணம். அலையைத் தடுக்கப் பார் இல்லாவிட்டால் மணல் தீவு நிற்காது. இதை வரைபடத்தில் காட்டுங்கள், மாணவர்களுக்குச் சட்டென்று புரியும்.

கேள்வி: எஞ்சின் நின்றுவிட்டது, கச்சான் காற்று அடிக்கிறது, அடியில் பார். அப்போதும் நங்கூரம் போடக் கூடாதா? — பெரியபட்டினம் வாசகர்

போடுங்கள். உயிர்தான் முதல். இருக்கிற கயிறு முழுவதையும் விடுங்கள், எல்லோரும் மிதவைச் சட்டை போடுங்கள், 1554இல் கடலோரக் காவல்படையைக் கூப்பிடுங்கள். நின்ற இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, கரைக்கு வந்ததும் வனத்துறையிடம் சொல்லிவிடுங்கள். கவிழ்ந்து கிடக்கும் பவளத்தை, தெரிந்தவர்கள் சீக்கிரம் போய் நிமிர்த்தி வைத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு.