முதல் வாரத்துக்குக் கால்பங்கு விதை

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். பதின்மூன்று முதல் பதினாறு வயது வரையிலான பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வார இறுதியில் வீட்டுக் காய்கறி வளர்ப்பு சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டுத் தேவைக்குக் கொஞ்சமாவது அவர்கள் கையால் விளைய வேண்டும் என்பதுதான் எண்ணம். ஆளுக்கு ஆறு வகை விதை கொடுத்தேன். ஆசையில் எல்லாவற்றையும் அன்றைக்கே விதைத்துவிட்டார்கள். கீரை ஒரே வாரத்தில் தின்று தீராத அளவு வந்தது. மிச்சம் பூத்து முற்றிப்போனது. அப்புறம் ஒரு மாதம் பறிக்க ஒன்றுமில்லை. தக்காளி ஆள் உயரத்துக்குப் போயும் பூ குறைவு. காய்த்த ஒன்றிரண்டும் அடிப்பக்கம் கறுத்து அழுகின. தினமும் ஆளுக்கொரு குவளை தண்ணீர் விடுகிறோம், மாதம் இருமுறை சாணம் போடுகிறோம் என்கிறார்கள். மூன்றாம் மாதம் பாதிப் பேர் வரவில்லை. அடுத்த பருவத்தை எப்படித் தொடங்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

பிள்ளைகளின் ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: எல்லாவற்றையும் அன்றைக்கே விதைத்தது. ஒரே நாளில் விதைத்த கீரை ஒரே வாரத்தில்தான் பறிப்புக்கு வரும். வீட்டுச் சமையலோ வாரந்தோறும் நடப்பது. இந்த இரண்டையும் பொருத்தத் தெரிந்தவர்தான் வீட்டுக்காக வளர்க்கிறார். இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதனால் விதையைக் கொடுக்கும் முன் ஒரு நோட்டைக் கொடுங்கள். இரண்டு வாரம் வீட்டுக்கு என்ன காய் வந்தது, எவ்வளவு வந்தது, எதை யார் தொடுவதே இல்லை என்று பிள்ளை எழுதட்டும். யாரும் சாப்பிடாத காயை அருமையாக விளைவித்து என்ன பயன்? பிறகு கணக்குக்கு வாருங்கள். வெயில் காலத்தில் முளைக்கீரை இருபத்தைந்து முதல் முப்பது நாளில் வேரோடு பிடுங்கும் பதத்துக்கு வரும். ஒழுங்காக வளர்ந்தால் ஒரு சதுர மீட்டரில் சுமார் ஒரு கிலோ கிடைக்கும். வீட்டில் வாரம் அரைக் கிலோ கீரை சமைக்கிறார்கள் என்றால் வாரத்துக்கு அரைச் சதுர மீட்டர் வேண்டும். ஆக, இரண்டு சதுர மீட்டர் பாத்தியை நான்காகப் பிரித்து, வாரம் ஒரு பகுதி மட்டும் விதைக்க வேண்டும். நான்காவது பகுதி விதைத்து ஒரு வாரத்தில் முதல் பகுதி பறிப்புக்கு வந்துவிடும். பறித்த இடத்தில் ஒரு கூடை மட்கு உரம் கலந்து மறுபடி விதைத்தால் போதும். இடம் குறைவென்றால் பதினைந்து சென்டிமீட்டர் ஆழமுள்ள அகலத் தொட்டி நாலு வைத்தும் இதையே செய்யலாம்.

கீரை விதையைக் கையாள்வதை நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் விதை இருக்கும். அரைச் சதுர மீட்டருக்கு அரைக் கிராம், அதாவது ஒரு சிட்டிகை, தாராளம். பிள்ளைகள் கைநிறைய அள்ளி ஒரே மூலையில் கொட்டுவார்கள். சிட்டிகை விதையை இரண்டு கைப்பிடி உலர்ந்த மணலில் கலந்து, பாதியை நெடுக்கிலும் மீதியைக் குறுக்கிலும் தூவச் சொல்லுங்கள். மேலே அரைச் சென்டிமீட்டர் சலித்த மண், உள்ளங்கையால் மெல்ல ஒரு தட்டு, பூவாளியில் தண்ணீர். குவளையால் ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போய் ஓரத்தில் ஒதுங்கும். மூன்று முதல் ஐந்து நாளில் முளை தெரியும். பத்தாம் நாள் நெருக்கத்தைக் கலைத்து விரற்கடைக்கு ஒன்றாக விட வேண்டும். நன்றாக நிற்கும் செடியைப் பிடுங்க அந்த வயதில் மனம் வராது. கலைக்காத பாத்தியில் எல்லாமே நூலாக நிற்கும் என்பதைக் காட்ட, ஒரு சாண் இடத்தைக் கலைக்காமல் விட்டுவையுங்கள். பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் அவர்களுக்கே புரியும். பிடுங்கியதும் கீரைதான், அன்றைக்கே சமையலுக்குப் போகட்டும்.

இனி தண்ணீர். தினமும் ஆளுக்கொரு குவளை என்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் அது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். கடும் வெயிலில், இலை மூடிய பாத்தி ஒரு நாளைக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் இழக்கும். ஒரு குவளை மேல்மண்ணை மட்டும் கறுப்பாக்கும், பார்க்க நனைந்த மாதிரி இருக்கும், கீழே புழுதி. வேரும் ஈரம் இருக்கும் மேலடுக்கிலேயே படர்ந்து, நடுப்பகல் வெயிலில் வாடும். இதை வாயால் சொல்லிப் பயனில்லை. வழக்கம்போல ஊற்றச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கழித்து, செடிக்கு ஒரு சாண் தள்ளிக் கரண்டியால் ஒரு குழி தோண்டுங்கள். ஈரமண் எங்கே முடிகிறது, வறண்ட மண் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டது போலத் தெரியும். அந்தக் கோடு பதினைந்து, இருபது சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கும் வரை ஊற்றட்டும். அப்புறம் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் அடுத்த தண்ணீர். மணல் மண்ணில் இது தினமும் வரலாம், களிமண்ணில் மூன்று நாளுக்கு ஒருமுறை வரலாம். கடிகாரத்தைப் பார்த்து ஊற்றுகிறவருக்கு இந்த வித்தியாசம் கடைசிவரை தெரியாது.

உங்கள் தக்காளியின் இரண்டு பிரச்சினைகளில் ஒன்று இந்தத் தண்ணீரால் வந்ததுதான். காயின் அடிப்பக்கம் கறுத்துத் தோல் போல் அமுங்குவது தொற்றுநோய் கிடையாது, மருந்து அடிக்கவும் வேண்டாம். காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் போய்ச் சேர வேண்டும். மண் ஒருநாள் காய்ந்து ஒருநாள் ஊறினால் கடைக்கோடியில் இருக்கும் நுனிக்கு அது போய்ச் சேராது. உடனே முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். பெரும்பாலான மண்ணில் சுண்ணாம்பு போதிய அளவு இருக்கிறது, முட்டை ஓடு கரையவும் மாதக்கணக்காகும். செடியைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குக் காய்ந்த இலையை மூடாக்குப் போட்டு, ஈரத்தை ஒரே சீராக வைத்தாலே அடுத்து வரும் காய்கள் சுத்தமாக இருக்கும். தொட்டி சிறிதென்றால் என்ன செய்தாலும் ஈரம் நிற்காது. தக்காளிக்கும் கத்தரிக்கும் இருபது லிட்டர் கொள்ளளவு, முப்பது சென்டிமீட்டர் ஆழம் வேண்டும்.

ஆள் உயரம் வளர்ந்து பூ குறைந்ததற்குச் சாணத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் செடி இலையிலேயே குறியாக இருக்கும். பச்சைச் சாணத்தை எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளைகளின் பாத்தியில் போடவேண்டாம். வேரைச் சுடுவது ஒருபுறம், பச்சையாகத் தின்னும் காயில் குடல்நோய்க் கிருமி ஒட்டும் ஆபத்து வேறு. நன்றாக மக்கியது சாண நாற்றம் அடிக்காது. மழை பெய்த மண் போல மணக்கும், கையை உள்ளே விட்டால் சூடு இருக்காது. நடும்போது மண் இரண்டு பங்கு, மட்கு உரம் ஒரு பங்கு, மணலோ தென்னைநார்க் கழிவோ ஒரு பங்கு. பூ வரும் சமயம் செடிக்கு இன்னும் இரண்டு கைப்பிடி மட்கு, அவ்வளவுதான். அடுத்த சந்தேகம் நிழல். ஒரு விடுமுறை நாளில் காலையிலிருந்து மாலை வரை இரண்டு மணிக்கொருமுறை நிழல் விழும் இடத்தைப் பிள்ளை படமாக வரையட்டும். காய்க்கும் செடிக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும், கீரைக்கு நாலு மணி நேரமே போதும். வெயிலும் உரமும் சரியாக இருந்து பூ உதிர்ந்தால் வெப்பத்தைப் பாருங்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் தக்காளி பிஞ்சு பிடிக்காது. அதற்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

பயறு வகை ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். தட்டைப்பயறு நல்லது. பூக்கும் தறுவாயில் ஒரு செடியைப் பலிகொடுத்து, மண்ணோடு தோண்டி, வாளித் தண்ணீரில் அலசச் சொல்லுங்கள். வேரில் கடுகு, மிளகு அளவில் முடிச்சுகள் தொங்கும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அதற்குள் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. முடிச்சே இல்லையென்றால் முன்பு பயறு விளைந்த மண் இரண்டு கைப்பிடி கலந்து அடுத்த முறை விதைக்கலாம். நம் ரத்தத்தின் சிவப்புப் பொருளுக்கு உறவான ஒன்றுதான் அந்த இளஞ்சிவப்பு நிறத்தைத் தருகிறது. இதைக் கையில் பார்த்த பிள்ளை, அறுவடை முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டி வேரை மண்ணிலேயே விடுவான். காரணம் தெரிந்து செய்வான்.

வெண்டைக்கு ஒரே ஒரு சட்டம்: ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பு. ஒரு காயை முற்றவிட்டால் செடி விதையைத் தேற்றப் போய்விடும், பூ குறையும்.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். பிள்ளை மறந்திருப்பானோ என்று இரவில் தண்ணீர் விடுவது பாசம்தான். ஆனால் இரண்டு பேர் ஊற்றும் நாற்றங்காலில்தான் நாற்றழுகல் வரும். நூலால் இறுக்கியது போலத் தண்டு தரையோடு சுருங்கி, நாற்று காலையில் சாய்ந்து கிடக்கும். சாய்ந்ததை எழுப்ப முடியாது. நெருக்கமில்லாமல் விதைத்து, காலையில் மட்டும் நீர் விட்டால் தவிர்க்கலாம். அந்தப் பாத்தியின் முடிவு முழுக்கப் பிள்ளையுடையது என்பதை வீட்டார் ஒப்புக்கொள்ள வேண்டும், செடி செத்தாலும் சரி. 1910-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் மேரி க்ரோமர் என்ற பள்ளி ஆசிரியை சிறுமிகளுக்காகத் தக்காளிக் கழகம் தொடங்கினார். ஒருத்திக்கு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலம், ஒரே ஒரு பயிர். விளைந்ததை டப்பாவில் அடைத்து விற்கவும் கற்றுக்கொண்டார்கள். ஆறு வகை விதையோடு தொடங்காமல் ஒன்றை முழுசாகக் கற்பது நல்ல வழி என்றே எனக்குப் படுகிறது. உங்கள் பிள்ளைகளுக்குக் கீரையும் வெண்டையும் தட்டைப்பயறும் முதல் பருவத்துக்குப் போதும். தக்காளியை இரண்டாம் பருவத்துக்குத் தள்ளுங்கள்.

மண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய பெயின்ட் உதிரும் சுவரோரம், வண்டி பழுதுபார்த்த இடம், போக்குவரத்து மிகுந்த சாலையோரம் ஆகியவற்றின் மண்ணில் ஈயம் இருக்கலாம். அங்கே தரையில் விதைக்காமல் வேறு மண் நிரப்பிய தொட்டியில் வளர்க்கட்டும். இலைச்சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினிக்குப் பூச்சிமருந்து தேடவேண்டாம். இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மூன்று நாள் கழித்து மறுபடி அடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நோட்டு எழுதி முடிந்ததும் வரும் வகுப்பில், ஒவ்வொரு வகையிலும் பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். கீரையை ஐந்தாம் நாளும் மற்றதை எட்டாம் நாளும் பிரித்து எண்ணட்டும். எட்டுக்கு மேல் முளைத்தால் நான் சொன்ன அளவே போதும். ஐந்தாறு என்றால் ஒன்றரை மடங்கு விதைக்க வேண்டும். அதற்கும் கீழே போனால் அந்த விதையை மாற்றிவிடுங்கள். எண்ணி முடித்த பிறகு, நல்ல விதையில் கால்பங்கைக் கையில் கொடுத்து, மீதியைப் பிள்ளையின் பெயர் எழுதிய மூடி இறுக்கமான புட்டியில் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் வந்து வாங்கிப் போகட்டும்.

அன்புடன்.