உங்கள் ஊர் சர்ச்சில் ஏழைகளுக்கு உண்மையிலேயே உதவி செய்கிறார்களா, இல்லை எல்லாம் மதம் மாற்றத்தானா?

கேள்வியிலேயே பதிலை வைத்துவிட்டுக் கேட்கிறீர்கள், பரவாயில்லை. நான் திருச்சிப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கைச் (ஒரு சர்ச்சைச் சுற்றியுள்ள சமூகத்தைப் பங்கு என்போம்) சேர்ந்தவன், உள்ளே இருந்து பார்ப்பதைச் சொல்கிறேன்.

வெளியே தெரிகிற வேலைகள் ஒரு பக்கம். கண் சிகிச்சை முகாம், கிறிஸ்துமஸுக்குச் சேலை, அந்தோணியார் திருவிழாவில் அன்னதானம். பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஃபிளெக்ஸ் பேனர் பெரிதாகப் பெரிதாக எனக்குச் சந்தேகமும் வந்துவிடும், ஒரு சேலையைப் பத்துப் பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பதைப் பார்த்தால் வாங்குகிறவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

என்னைக் கேட்டால் உருப்படியான வேலை நடப்பது வின்சென்ட் தே பவுல் சபையில்தான். 1833இல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது. சாமியார்கள் நடத்துவது இல்லை, நம்மைப் போன்ற பொதுநிலையினர் நடத்துவது. வாரா வாரம் கூடுவோம், கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றி வரும். எல்லாரும் மூடிய கையை உள்ளே விட்டு வெறும் கையை வெளியே எடுக்க வேண்டும். யார் ஐந்நூறு போட்டார், யார் ஒன்றுமே போடவில்லை என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. சர்ச் வாசல் உண்டியலும் இந்தப் பையும்தான் எங்கள் பெரிய வரவு. வெளிநாட்டுப் பணம் கொட்டுகிறது என்பவர்கள் ஒருநாள் வந்து எங்கள் கணக்கு நோட்டைப் பார்க்கலாம், சிரிப்பு வரும்.

அப்புறம் வீடு சந்திப்பு. தனியாகப் போகக் கூடாது, இருவராகத்தான் போவோம். போனவுடன் பொருளை நீட்டுவதில்லை, உட்கார்ந்து பேசினால்தான் விஷயம் வெளியே வரும். ஒரு பாட்டிக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் அவரே, "அரிசி ரேஷன்ல கெடைக்குது தம்பி, பிரஷர் மாத்திரைக்குத்தான் வழியில்ல" என்றார். பெரியாஸ்பத்திரியில் அது இலவசம், ஆனால் பஸ் ஏறி இறங்க அவரால் முடியவில்லை. அப்புறம் எங்களில் ஒருவர் அவர் சீட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, மாத்திரை அங்கேயே கிடைக்க ஏற்பாடு செய்தார். முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தோம். செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை, அலைச்சல்தான்.

மத மாற்றம் பற்றி. அந்தப் பாட்டி மாரியம்மன் பக்தை, வீட்டில் சமயபுரத்தாள் படம்தான் இருக்கிறது. அவரிடம் யாரும் செபம் சொல்லச் சொன்னதில்லை. என்ன மதம், என்ன சாதி என்று கேட்டு உதவக் கூடாது என்பது சபையின் விதி. எல்லாக் கிறிஸ்தவக் குழுக்களிலும் இப்படித்தானா என்றால் இல்லை. கையில் அரிசிப் பையும் வாயில் பிரசங்கமுமாக வீடு ஏறுகிற குழுக்களையும் பார்த்திருக்கிறேன், அது எனக்கும் பிடிக்காது. அப்படி யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால் பையை வாங்காமலே அனுப்பிவிடலாம்.

எங்களிடமும் குறை இல்லாமல் இல்லை. பங்குத்தந்தை மாறினால் திட்டமும் மாறிவிடும். ஒருவர் ஆர்வமாகக் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பித்தார், அடுத்து வந்தவருக்குக் கெபி (மாதா சிலை வைக்கும் குகை போன்ற அமைப்பு) கட்டுவதில்தான் கவனம், கம்ப்யூட்டர்கள் இப்போது சாமான் அறையில் தூசி படிந்து கிடக்கின்றன. திருவிழா வாணவேடிக்கைக்குத் தாராளமாக வரி கொடுக்கிற குடும்பங்கள் ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக் கேட்டால் யோசிக்கும். சபையிலும் தலை நரைத்தவர்கள்தான் அதிகம், இளைஞர்கள் சேர்வதே இல்லை.

உங்கள் தெருவில் யாராவது கஷ்டத்தில் இருந்தால் பக்கத்துப் பங்கு அலுவலகத்தில் இந்தச் சபைக்காரர் யார் என்று விசாரித்துச் சொல்லுங்கள், நீங்கள் கிறிஸ்தவராக இருக்கத் தேவையில்லை. பள்ளிக் கட்டணம் என்றால் மட்டும் மே மாதமே சொல்லிவிடுங்கள், ஜூனில் பை காலியாகிவிடும்.