தொண்டையில் கரகரவென்ற சத்தம், பால் ஊற்றலாமா?

பால் ஊற்றாதீர்கள். கடைசிக் கட்டத்தில், மயக்கத்தில் இருக்கும் உங்கள் அப்பாவால் விழுங்க முடியாது. ஊற்றும் பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். பால் ஊற்றியே ஆகவேண்டும் என்று அத்தை விடாமல் கேட்டால், பஞ்சைப் பாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டில் மட்டும் தடவச் சொல்லுங்கள். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் செவிலியர் நான். பெரியவர்களின் மனம் அதில் ஆறுவதைக் கண்டிருக்கிறேன்.

அந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம், விழுங்க முடியாமல் தொண்டையில் தேங்கும் எச்சில்தான். கேட்கிற நமக்குத்தான் நெஞ்சு பதறுகிறது.

அவர் நெற்றியைப் பாருங்கள். புருவம் சுருங்காமல், விரல்கள் தளர்ந்திருந்தால் அவர் அநேகமாகத் திணறவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, தலையைச் சற்று உயர்த்துங்கள். கடைவாயில் எச்சில் வழியும். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். குழாய் விட்டு எச்சிலை உறிஞ்சலாமா என்றும் கேட்டீர்கள். வேண்டாம், அது அவரைத்தான் வருத்தும்.

ஆனால் புருவம் நெரிந்து, மூச்சு வேகமாக வாங்கினால் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரை அழையுங்கள். அவருக்குக் கொடுக்கும் வலி மருந்தான மார்ஃபினின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலியையும் வேதனையையும் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. தண்டையார்பேட்டையில் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே கேளுங்கள்.

அத்தையை அருகில் உட்காரவைத்து, அப்பாவின் கையைப் பிடித்துப் பேசச் சொல்லுங்கள். அவர் காதில் விழக்கூடும்.